மூன்று மாநிலச் சாலையில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு!

கப்பல் வந்தால் பாலம் மேலே போகும். கார்கள் காத்து நிற்கும்

அமெரிக்காவின் மேற்குக் கரை ஓரமாக ஒரு பெரிய சாலை போகிறது. தெற்கே மெக்சிகோ நாட்டு எல்லையில் தொடங்குகிறது. வடக்கே கனடா நாட்டு எல்லையில் முடிகிறது.

நீளம் 1,381 மைல். அதாவது 2,200 கிலோமீட்டருக்கும் மேல்.

இந்தச் சாலையில் நாற்சந்தி கிடையாது. ரெயில்வே கேட் கிடையாது. ஏறினால் ஒரே ஓட்டம்தான். குறுக்கே வரும் சாலைகள் எல்லாம் மேலே பாலம் ஏறியோ, கீழே புகுந்தோ போய்விடும்.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு விளக்கு எரியும். மணி அடிக்கும். தடுப்புக் கம்பம் கீழே இறங்கும். எல்லா வண்டிகளும் நிற்க வேண்டும்.

ரெயிலுக்காக அல்ல. கப்பலுக்காக!

அங்கே கொலம்பியா என்னும் பெரிய ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேல் ஒரு பழைய இரும்புப் பாலம் நிற்கிறது. கப்பல் வந்தால் பாலத்தின் ஒரு பகுதி செங்குத்தாக மேலே எழும்பும். கப்பல் போன பிறகு கீழே இறங்கும். அதுவரை கார், லாரி, பஸ் எல்லாம் வரிசையாக நிற்கும்.

இந்தப் பாலத்துக்கு 1917-ம் ஆண்டில் திறப்பு விழா நடந்தது. நூறு வயதைத் தாண்டிவிட்டது. "இதை மாற்ற வேண்டும்" என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் எப்படி மாற்றுவது, யார் பணம் கொடுப்பது என்பதில்தான் சண்டை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சண்டை நடக்கிறது.

சாலைக்கு நம்பர் வைத்தது எப்படி?

இந்தச் சாலை முழுவதற்கும் ஒரே பெயர் இல்லை. நம்பர்தான். 5-ம் நம்பர் சாலை.

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் பெருஞ்சாலைகளைக் கட்ட 1956-ல் ஒரு சட்டம் வந்தது. அப்போது ஐசனோவர் ஜனாதிபதியாக இருந்தார். செலவில் பத்தில் ஒன்பது பங்கை மத்திய அரசாங்கம் கொடுத்தது. பாக்கி ஒரு பங்கை மாநிலங்கள் போட்டன.

சாலைகளுக்கு நம்பர் வைப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தெற்கு வடக்காகப் போகும் சாலைக்கு ஒற்றைப்படை எண். கிழக்கு மேற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை எண். மேற்குக் கரையில் சிறிய எண். கிழக்கே போகப்போக எண் பெரிதாகும்.

ஆகவே 5 என்றால் மேற்குக் கோடி. 95 என்றால் கிழக்குக் கோடி. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஒருவருக்கும் எண் தெரிந்தால் திசை தெரிந்துவிடும்.

5-ம் நம்பர் சாலை மூன்று மாநிலங்கள் வழியாகப் போகிறது. கலிபோர்னியாவில் ஏறக்குறைய 797 மைல். ஆரிகன் மாநிலத்தில் 308 மைல். வாஷிங்டன் மாநிலத்தில் 277 மைல்.

ஒவ்வொரு மாநிலத்திலும் மைல் கணக்கு தெற்கு எல்லையில் இருந்து புதிதாகத் தொடங்கும். சாலையை விட்டு இறங்கும் வழிகளுக்கும் அந்த மைல் கணக்கே நம்பர். ஆரிகன் மாநிலத்தில் 307, 308 என்ற பலகைகளைப் பார்த்தால் மாநிலம் முடியப்போகிறது என்று அர்த்தம். பாலத்தைத் தாண்டினால் மறுபடியும் 1 என்ற பலகை வரும். அது வாஷிங்டன் மாநிலம்.

இரண்டு ஊர், இரண்டு வரி

ஆற்றின் தென்கரையில் இருப்பது போர்ட்லண்டு நகரம். அது ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்தது. வடகரையில் இருப்பது வான்கூவர் நகரம். அது வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்தது.

கனடா நாட்டிலும் வான்கூவர் என்ற பெரிய நகரம் இருக்கிறது. அது வேறு. இது வேறு. அதேபோல, ஜனாதிபதி வசிக்கும் வாஷிங்டன் நகரமும் வேறு. அது நாட்டின் மறு கோடியில் இருக்கிறது.

இந்த இரண்டு ஊர்களையும் ஆறு பிரிக்கிறது. வரியோ சேர்த்து வைக்கிறது!

ஆரிகன் மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது. கடையில் விலைச் சீட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதைக் கொடுத்தால் போதும். ஆனால் சம்பளத்துக்கு மாநில வருமான வரி உண்டு.

வாஷிங்டன் மாநிலத்தில் நேர்மாறு. சாதாரணச் சம்பளக்காரருக்கு மாநில வருமான வரி இல்லை. ஆனால் கடைச் சாமானுக்கு விற்பனை வரி உண்டு.

இதனால் என்ன ஆகிறது? வடகரையில் வீடு வைத்திருப்பவர் சாமான் வாங்கத் தென்கரைக்குப் போகிறார். வேலையும் பெரும்பாலும் போர்ட்லண்டு பக்கம்தான் அதிகம். ஆகவே காலையில் ஆயிரக்கணக்கான கார்கள் தெற்கே ஓடுகின்றன. மாலையில் அத்தனையும் வடக்கே திரும்புகின்றன.

வேலை செய்யும் இடம் ஆரிகன் ஆனதால், வடகரைக்காரரும் அந்தச் சம்பளத்துக்கு ஆரிகன் மாநிலத்துக்கு வருமான வரி கட்ட வேண்டும். ஆனால் ஆரிகன் தேர்தலில் அவருக்கு ஓட்டு இல்லை. "வரியும் கொடுத்து, இனி பாலத்துக்குச் சுங்கமும் கொடுக்க வேண்டுமா?" என்று அவர் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

2019-ம் ஆண்டுக் கணக்குப்படி, வேலை நாட்களில் இந்தப் பாலத்தில் நாள் ஒன்றுக்கு 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் போய் வந்தன.

ஐந்து சென்ட் கொடுத்துக் கடந்த காலம்

பாலம் வருவதற்கு முன்னே ஜனங்கள் படகுத் துறையில் காத்திருந்து ஆற்றைக் கடந்தார்கள்.

1917 பிப்ரவரி 14-ந்தேதி பாலம் திறக்கப்பட்டது. கட்டியது மத்திய அரசாங்கம் அல்ல. மாநில அரசாங்கமும் அல்ல. இரு கரையிலும் இருந்த இரண்டு மாவட்டங்கள் பணம் போட்டுக் கட்டின. மொத்தச் செலவு சுமார் 17½ லட்சம் டாலர்.

போட்ட பணத்தை எடுக்கச் சுங்கம் வாங்கினார்கள். காருக்கு ஐந்து சென்ட். நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு டாலர்.

அன்று பாலத்தில் டிராம் வண்டியும் ஓடியது. 1940-ல் டிராம் நின்றது.

1929-ல் இரண்டு மாநிலங்களும் பாலத்தை எடுத்துக்கொண்டன. சுங்கம் ரத்து ஆயிற்று.

கார்கள் பெருகின. ஒரு பாலம் போதவில்லை. பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு பாலம் கட்டினார்கள். 1958-ல் அது திறக்கப்பட்டது. அதன் பிறகு பழைய பாலத்தைப் பழுது பார்த்து, வடக்கே போகும் வண்டிகளுக்கு ஒதுக்கினார்கள். புதிய பாலம் தெற்கே வரும் வண்டிகளுக்கு.

அந்தச் செலவுக்காக 1960-ல் மறுபடியும் சுங்கம் வந்தது. கடன் தீர்ந்ததும் 1966-ல் நின்றது.

ஆக, இந்தப் பாலத்துக்குச் சுங்கம் புதிது அல்ல. இரண்டு தடவை வாங்கினார்கள். இரண்டு தடவையும் நிறுத்தினார்கள்.

பாலம் எழும்புவது எப்படி?

பாலத்தின் வடகோடிப் பக்கம் இரண்டு உயரமான இரும்புக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் உள்ள பகுதிதான் மேலே போகும்.

2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரெயில் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பழைய பாம்பன் பாலம் இரண்டு கைகளைத் தூக்குவது போலத் திறந்தது. புதியது அப்படி அல்ல. நடுப்பகுதி மட்டமாகவே மேலே எழும்புகிறது. கொலம்பியா ஆற்றுப் பாலமும் அதே வகை.

கிணற்று ராட்டினத்தில் கயிற்றின் இரண்டு முனையிலும் வாளி கட்டியிருந்தால் ஒன்று இறங்க மற்றொன்று ஏறும். இங்கேயும் அதே முறைதான். கோபுரத்தின் உச்சியில் பெரிய சக்கரங்கள். அவற்றின் மேல் இரும்பு வடங்கள். ஒரு முனையில் பாலத்தின் பகுதி. மறுமுனையில் அதே எடைக்குக் கனமான எதிர்ப் பாரம். எடை சமமாக இருப்பதால் சிறிய மோட்டாரே அத்தனை பெரிய பாலத்தை ஏற்றி இறக்கிவிடும்.

முழுக்க எழும்பினால் தண்ணீருக்கு மேல் 178 அடி இடைவெளி கிடைக்கும்.

1958-ல் கட்டும்போது பாலத்தின் நடுவே முதுகு போல ஒரு மேடு வைத்தார்கள். அதன் அடியில் ஏறக்குறைய 70 அடி இடைவெளி உண்டு. சிறிய படகுகள் பாலத்தைத் தூக்கச் சொல்லாமலே அதன் அடியில் போகலாம்.

ஆனால் அதில் ஒரு தொல்லை. ஏறக்குறைய ஒரு மைல் கீழே ஒரு ரெயில்வே பாலம் இருக்கிறது. அதில் கப்பல் போகும் வழி வடகரை ஓரமாக இருக்கிறது. மேடோ ஆற்றின் நடுவே இருக்கிறது. சரக்கு ஏற்றிய தட்டைப் படகுகளைத் தள்ளிக்கொண்டு வரும் இழுவைப் படகு, மேட்டின் அடியில் புகுந்து, உடனே வளைந்து, ரெயில்வே பாலத்தின் ஓர வழிக்குப் போக வேண்டும். பாம்பு போல நெளிய வேண்டும்!

ஆற்றில் வெள்ளம் வேகமாக ஓடும் காலத்தில் இது ஆபத்து. அப்போது படகுக்காரர், "பாலத்தைத் தூக்குங்கள், நான் ஓரமாக நேரே போகிறேன்" என்பார். அவர் கேட்டால் தூக்கத்தான் வேண்டும். அது சட்டம்.

காருக்கு முன்னே கப்பல்தான் ஆற்றில் இருந்தது. ஆகவே கப்பலுக்கே முதல் உரிமை.

ஓட்டுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாலத்தின் குணம் தெரியும். வெளியூர் டிரைவர்தான் மாட்டிக்கொள்வார். அவர் அறிய வேண்டியவை இவை:

ஒன்று: திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 6½ மணி முதல் 9 மணி வரைக்கும், மாலை 2½ மணி முதல் 6 மணி வரைக்கும் கப்பலுக்காகப் பாலத்தைத் தூக்க வேண்டியது இல்லை. மத்திய அரசாங்க விடுமுறை நாளுக்கு இது பொருந்தாது. மற்ற நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் சிவப்பு விளக்கு எரியலாம்.

இரண்டு: தூக்காத நேரம் என்றால் சுலபமான நேரம் என்று நினைக்க வேண்டாம். அதுதான் வேலைக்குப் போகும் கூட்டம் பாலத்தில் நெருக்கும் நேரம். மத்தியானத்தில் பாலம் தூக்கி இறக்கி முடிந்தாலும், பின்னால் சேர்ந்த வரிசை கரைய வெகுநேரம் ஆகும்.

மூன்று: பாலத்தில் ஒவ்வொரு பக்கமும் மூன்று தடங்கள். ஓரத்தில் ஒதுங்கி நிற்க இடம் இல்லை. ஒரு கார் பழுதானால் ஒரு தடம் அடைபட்டுப்போகும். அப்புறம் ஆம்புலன்சும் அதே நெரிசலில்தான் வர வேண்டும். ஆகவே பெட்ரோலும் டயரும் சரியா என்று பாலத்துக்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

நான்கு: பாலத்துக்கு இரு முனையிலும் சாலையில் ஏறும் வழியும் இறங்கும் வழியும் நெருக்கமாக இருக்கின்றன. துறைமுகத்தில் இருந்து வரும் கனமான லாரிகள் 307-ம் நம்பர் வழியாக ஏறும். அவை வேகம் எடுக்க நேரம் ஆகும். 308-ம் நம்பர் வழி நடுவில் உள்ள ஹெய்டன் தீவுக்குப் போகிறது. கடைசி நேரத்தில் தடம் மாறுவது விபத்தில் முடியும்.

ஐந்து: போர்ட்லண்டில் இருந்து வடக்கே வரும்போது, வேலை நாட்களில் மாலை 3 மணி முதல் 6 மணி வரை இடது ஓரத் தடம் ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. காரில் இரண்டு பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் அதில் போகலாம். தனி ஆளாகப் போனால் அபராதம்.

ஆறு: மாற்று வழி ஒன்றே ஒன்றுதான். கிழக்கே ஆறு மைல்போல் தள்ளி 205-ம் நம்பர் சாலைப் பாலம் இருக்கிறது. 1982-ல் திறந்தது. ஒவ்வொரு பக்கமும் நான்கு தடங்கள். தூக்க வேண்டாத உயரமான பாலம். ஊருக்குள் வேலை இல்லாமல் நேரே தாண்டிப் போகிறவர்களுக்கு அதுவே மேல்.

அந்த இரண்டு பாலத்தையும் விட்டால், ஆற்றைக் கடக்க மேலேயும் கீழேயும் சுமார் 40 மைல் போக வேண்டும். ஆகவே ஒரு பாலத்தில் விபத்து என்றால் மறு பாலமும் திணறும்.

மரத்தூண் மேல் நிற்கும் இரும்பு

காத்து நிற்பது ஒரு கஷ்டம். அதைவிடப் பெரிய கவலை தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

பாலத்தின் அடித்தளம் ஆற்று மணலில் அடித்து இறக்கிய மரத்தூண்களின் மேல் நிற்கிறது. 1917-ல் அது நல்ல வேலை. அன்றைக்குத் தெரிந்த பூகம்ப அறிவு அவ்வளவுதான்.

கடற்கரையில் ஈர மணலில் நின்று காலை ஆட்டினால் மணல் குழைந்து பாதம் உள்ளே புதையும். சிறுவர்கள் விளையாட்டாகச் செய்வது. பெரிய பூகம்பம் வந்தால் ஆற்று மணலும் அப்படியே குழையும். மேலே உள்ள பாரத்தைத் தாங்காது.

அந்தப் பகுதியில் பெரிய பூகம்பம் வருமா?

வந்திருக்கிறது. கரைக்கு அப்பால் கடலுக்கு அடியில் பூமியின் ஒரு பாளம் இன்னொரு பாளத்தின் கீழ் நுழைகிறது. 1700 ஜனவரி 26-ந்தேதி அங்கே மாபெரும் பூகம்பம் நடந்தது. அதன் அளவு ஏறக்குறைய 9 என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அந்தத் தேதி எப்படித் தெரிந்தது? ஜப்பானில் அந்தச் சமயத்தில் காரணம் இல்லாமல் பேரலை ஒன்று கரையேறியது. ஜப்பானியர்கள் அதைக் குறித்து வைத்திருந்தார்கள். அமெரிக்கக் கரையில் பட்டுப்போய் நிற்கும் பழைய மரங்களும் அந்தக் காலத்தையே காட்டின. இரண்டையும் பொருத்திப் பார்த்துத் தேதியைக் கண்டுபிடித்தார்கள்.

மீண்டும் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வரும் என்பதில் விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம் இல்லை. அன்று பாலம் போனால் வேலைக்குப் போனவர் ஒரு கரையிலும் குழந்தைகள் மறு கரையிலும் நிற்பார்கள்.

இரும்புக்கும் வயதாகிறது. 2020 செப்டம்பரில், வடங்கள் ஓடும் சக்கரத்தின் அச்சில் விரிசல் கண்டதால் பழைய பாலத்தைச் சில நாள் மூடி அச்சை மாற்றினார்கள். அந்த நாட்களில் போகும் வண்டியும் வரும் வண்டியும் ஒரே பாலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன.

ஒரு முறை முயன்று விட்டது

புதுப்பாலம் கட்ட முதல் முயற்சி 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில் தொடங்கியது. படம் போட்டார்கள். மண்ணைச் சோதித்தார்கள். கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள்.

சண்டைகள் கிளம்பின. புதுப்பாலத்தில் மின்சார ரெயிலும் போக வேண்டும் என்றது போர்ட்லண்டு பக்கம். அது வேண்டாம் என்றார்கள் வடகரையில் பலர். ரெயிலை நடத்த விற்பனை வரியைக் கூட்டலாமா என்று 2012-ல் வடகரையில் ஓட்டு எடுத்தார்கள். கூடாது என்று முடிவு வந்தது.

உயரத்திலும் தகராறு. முதலில் தண்ணீருக்கு மேல் 95 அடி என்று திட்டம் போட்டார்கள். ஆற்றின் மேல்பக்கம் பெரிய இயந்திரங்கள் செய்து படகில் அனுப்பும் தொழிற்சாலைகள், "எங்கள் சரக்கு போகாது" என்றன. பிறகு 116 அடி என்று மாற்றினார்கள்.

2013-ல் ஆரிகன் சட்டசபை தன் பங்காக 45 கோடி டாலர் தரச் சம்மதித்தது. வாஷிங்டன் மாநிலமும் அதே தொகையைத் தர வேண்டும்.

அந்தச் சமயத்தில் ஒரு சம்பவம் நடந்தது. 2013 மே 23-ந்தேதி, இதே 5-ம் நம்பர் சாலையில், வாஷிங்டன் மாநிலத்துக்குள் ஸ்காஜிட் என்னும் ஆற்றின் மேல் இருந்த பாலம் இடிந்து விழுந்தது. அளவுக்கு மீறி உயரமாகச் சரக்கு ஏற்றிய லாரி பாலத்தின் மேல் இரும்பில் மோதியது. ஒரு கண் அப்படியே ஆற்றில் விழுந்தது. கார்களும் விழுந்தன. மூன்று பேரை உயிரோடு மீட்டார்கள். நல்ல காலம், யாரும் சாகவில்லை.

அங்கே ஒரு மாதத்துக்குள் தற்காலிகப் பாலம் போட்டு வண்டி விட்டார்கள். அவசரம் என்றால் வேலை நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் கொலம்பியா ஆற்றுப் பாலத்துக்கு அந்த அவசரம் வரவில்லை. ஜூன் மாதக் கடைசியில் வாஷிங்டன் மேல்சபை பணம் ஒதுக்காமலே கலைந்தது. திட்டம் செத்தது. அதற்குள் ஆராய்ச்சிக்கும் படத்துக்கும் ஆன செலவு கிட்டத்தட்ட 20 கோடி டாலர். ஆற்றில் ஒரு தூண்கூட நடவில்லை!

மறுபடியும் முதலில் இருந்து

2019-ல் இரண்டு மாநிலக் கவர்னர்களும் மறுபடியும் கைகோத்தார்கள்.

புதிய திட்டத்திலும் பழைய கேள்விகளே வந்து நின்றன. பாலத்தைத் தாழ்வாகக் கட்டினால் கப்பலுக்கு ஆகாது. உயரமாகக் கட்டினால் ஆகாய விமானத்துக்கு ஆகாது. வடகரையில் பாலத்தின் பக்கத்திலேயே பியர்சன் என்னும் பழைய விமானத் தளம் இருக்கிறது. 1937-ல் மாஸ்கோவில் இருந்து வட துருவத்தின் மேல் நிற்காமல் பறந்து வந்த ரஷிய விமானி செக்காலவும் இரண்டு தோழர்களும் வந்து இறங்கிய இடம் அது. பாலம் உயர்ந்தால் ஊருக்குள் இறங்கும் சரிவும் நீளும்.

2022-ல் கடலோரக் காவல் படை, இப்போது உள்ளது போலவே 178 அடி இடைவெளி வேண்டும் என்றது. இன்ஜினீயர்களோ 116 அடி உயரத்தில் தூக்க வேண்டாத பாலம் போதும் என்றார்கள். தூக்கும் பாலம் என்றால் செலவு அதிகம். சிவப்பு விளக்கும் தொடரும்.

திட்டத்தில் சாலைக்கு ஓரத்தடம் உண்டு. போகவும் வரவும் கூடுதலாக ஒவ்வொரு தடம் உண்டு. போர்ட்லண்டின் மின்சார ரெயிலைச் சுமார் 2 மைல் நீட்டி ஆற்றைக் கடக்கச் செய்வதும் உண்டு. நடந்து போகிறவருக்கும் சைக்கிள்காரருக்கும் அகலமான பாதை உண்டு.

இதை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். "தடத்தைக் கூட்டினால் காரும் கூடும், சில ஆண்டுகளில் நெரிசல் திரும்பி வரும்" என்பது அவர்கள் வாதம். போர்ட்லண்டு ஊருக்குள் ஓர் இடத்தில் இதே சாலை இரண்டு தடமாகக் குறுகுகிறது. பாலத்தை மட்டும் அகலமாக்கினால், நெரிசல் இங்கிருந்து அங்கே நகரும் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை.

பணம் யார் பையில் இருந்து?

2022-ல் போட்ட மதிப்பீடு 500 கோடி டாலர் முதல் 750 கோடி டாலர் வரை. அதற்குப் பின் வந்த கணக்குகள் இன்னும் மேலே சென்றன.

இரண்டு மாநிலங்களும் ஆளுக்கு 100 கோடி டாலர் தர முன்வந்தன. மத்திய அரசாங்கம் 2023 டிசம்பரில் 60 கோடியும், 2024 ஜூலையில் ஏறக்குறைய 150 கோடியும் ஒதுக்கியது. நான்கையும் கூட்டினால் 410 கோடி டாலர். குறைந்தபட்ச மதிப்பீட்டுக்கே அது போதாது.

மீதிக்கு ஒரு வழி சுங்கம். அதற்கு இரண்டு மாநிலச் சட்டமும் இடம் கொடுத்திருக்கிறது. சுங்கத்தை வைத்து 100 கோடி டாலருக்கு மேல் திரட்டலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

கணக்கு எளிது. கொடுக்கிறவருக்குத்தான் கஷ்டம். ஒரு பேச்சுக்குப் போக 2 டாலர், வர 2 டாலர் என்று வைத்துக்கொண்டால், வாரம் 5 நாள் வேலைக்குப் போகிறவருக்கு வாரம் 20 டாலர். ஐம்பது வாரத்துக்கு 1,000 டாலர். பெரிய உத்தியோகஸ்தருக்கு அது ஒரு செலவாகத் தோன்றாது. ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவருக்கும், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவருக்கும் அது வீட்டு வாடகையில் கை வைக்கும்.

அவர்கள் வீட்டில் இருந்தபடி வேலை பார்க்க முடியாது. நேரத்தை மாற்றிக்கொள்ளவும் முடியாது. முதலாளி சொன்ன மணிக்குப் போய் நிற்க வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்குச் சுங்கத்தைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்ததற்கு இதுவே காரணம்.

காத்திருப்பதும் சுங்கம்தான்

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை யாரும் சீட்டுக் கொடுத்து வாங்குவதில்லை.

தினம் அரை மணி நேரம் பாலத்தடியில் நிற்கிறவர் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் இழக்கிறார். ஐம்பது வாரத்துக்கு 125 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாள் கணக்கில் அது 15 நாளுக்கும் மேல். அந்த நேரம் குழந்தையோடு சாப்பிட உட்காரும் நேரம். எரியும் பெட்ரோலும் அவருடையதுதான்.

தாமதம் செய்தால் விலையும் ஏறுகிறது. 2013-ல் ஒரு மாநிலத்திடம் கேட்ட தொகை 45 கோடி. இப்போது கேட்பது 100 கோடி. அப்போது மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் மிச்சம் ஆகவில்லை.

சுங்கம் கொடுத்தால்தான் செலவு, கொடுக்காவிட்டால் செலவு இல்லை என்று நினைப்பது தவறு. கேட்க வேண்டிய கேள்வி வேறு. சுங்கம் எவ்வளவு? யாருக்குக் குறைவு? கடன் தீர்ந்தால் 1929-லும் 1966-லும் நிறுத்தியது போல நிறுத்துவார்களா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொன்னால் ஜனங்கள் கொடுப்பார்கள். முன்பும் கொடுத்திருக்கிறார்கள்.

1917-ல் ஐந்து சென்ட் கொடுத்து முதல் முதலாகப் பாலத்தைக் கடந்தவர்கள் இன்று இல்லை. அவர்கள் காசில் எழுந்த பாலத்தில் கொள்ளுப் பேரன்கள் கார் ஓட்டுகிறார்கள். அவர்களில் யாரும் அந்த ஐந்து சென்ட் வீண் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆற்றில் கப்பல் வருகிறது. மணி அடிக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. கப்பல் போனதும் பாலம் இறங்கிவிடும், வண்டிகள் புறப்பட்டுவிடும். மரத்தூண்களும் மணலும் மட்டும் அப்படியே இருக்கும். பூகம்பம் எந்தச் சட்டசபையின் முடிவுக்கும் காத்திருக்காது.